பூஞ்சணம் பிடித்த ஒன்பது நோட்டுகள்

துரை என்னிடம் அதிகமாகச் சொன்ன வார்த்தை "கை காட்டு" என்பதுதான். நான் கையைக் கழுவித் துடைத்து, இரண்டு உள்ளங்கையையும் மேசைக்கு மேலே நீட்ட வேண்டும். பிறகு திருப்பிக் காட்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில் நகம் பார்ப்பதுபோல அவர் குனிந்து பார்ப்பார். விரலில் எண்ணெய்ப் பசை தெரிந்தால் தலையை ஆட்டுவார். நான் பின்கட்டுக்குப் போய் மறுபடியும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வருவேன். தலைக்கு எண்ணெய் வைத்த நாளில் அவருடைய நோட்டு அலமாரிப் பக்கமே போகக்கூடாது.

எழுபதுகளின் முதல் பாதி அது. மலேசியாவில் கோலா கெத்தில் பக்கம், அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் ரப்பர்த் தோட்டம். துரைதான் அதன் அமெரிக்க மானேஜர். நான் அங்கேயே பிறந்து, அங்கேயே தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்து, அங்கேயே கல்யாணமாகி, துரை பங்களாவில் கூட்டவும் துவைக்கவும் போனேன். எனக்கு ஆட்களோடு பேச வராது. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தும் மணியடிக்கக் கூச்சப்பட்டு, யாராவது அடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்து, ஒன்றரை மைல் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். பங்களா வேலை எனக்குப் பிடித்ததே அதனால்தான். துரையோடு குடும்பம் இல்லை. சமையலுக்கு ஒரு சீனக் கிழவர். யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை.

மற்றத் தோட்டத்துத் துரைமார் கோல்ஃப் ஆடினார்கள், கிளப்புக்குப் போனார்கள். எங்கள் துரை பழைய பணநோட்டுச் சேர்த்தார். அந்தக் காலத்து அமெரிக்காவில் சின்ன ஊர் பேங்குகூடத் தன் பெயரில் நோட்டு விடுமாம். அச்சடித்துக் கொடுப்பது அரசாங்கம்தான். ஆனால் நோட்டின் நடுவில் அந்த பேங்கின் பெயரும் ஊரின் பெயரும் இருக்கும். கீழே அந்த பேங்குத் தலைவரும் காசாளரும் பேனாவால் கையெழுத்துப் போட்டுத்தான் வெளியே விடுவார்களாம். துரை தன் சொந்த ஊரைச் சுற்றியிருந்த ஊர்களின் நோட்டுகளை மட்டும் தேடினார். ஒரு நோட்டைக் காட்டி, தோட்டத்தில் கற்றுக்கொண்ட தமிழில் ஒருநாள் சொன்னார்:

"இது பேங்க் செத்துப்போச்சு. ஊர் பாதி செத்துப்போச்சு. பேப்பர் இருக்கு."

மிகப் பழையவை இப்போதைய நோட்டைவிட நீளத்திலும் அகலத்திலும் பெரியவை. மடித்த கைக்குட்டை அளவு இருக்கும். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. கையெழுத்துகளை வைத்துத்தான் அடையாளம் பிடித்துக்கொண்டேன். ஒருவர் கையெழுத்து கொடிபோலச் சுருண்டிருக்கும். இன்னொருவர் கைநடுக்கத்தோடு போட்டிருப்பார். சிலவற்றில் மை வெளிறி, உற்றுப் பார்த்தால்தான் கோடு தெரியும். ஐந்து டாலர் நோட்டு ஒன்றின் பின்பக்கம், கப்பலை விட்டுக் கரையில் இறங்கும் கூட்டம் ஒன்றை வரைந்திருந்தார்கள். என் அப்பா பினாங்கில் இறங்கிய கதையைச் சொல்லியிருக்கிறார். இந்தப் பாவப்பட்ட சனங்களை எந்த எஸ்டேட்டுக்கு ஓட்டிப்போனார்களோ என்று தூசி தட்டும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அமெரிக்காவில் யார் யாருக்கோ அவர் கடிதம் எழுதுவார். மாதக்கணக்கில் காத்திருந்தால் ரிஜிஸ்தர் தபால் ஒன்று வரும். மெல்லிய கத்தியால் உறையைக் கீறி, நோட்டை எடுத்து, முதலில் மோந்து பார்ப்பார். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார். ஒரு தடவை பளிச்சென்று புதுசு மாதிரி ஒன்று வந்தது. எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. அவர் முகம் கறுத்துவிட்டது. "கழுவினது. இஸ்திரிப் பொட்டி போட்டது. பொய் நோட்டு இல்ல, ஆனா செத்துப்போச்சு" என்று சொல்லி, அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டார். அவருக்குப் பழைய அழுக்கு அப்படியே வேண்டும். பழைய மடிப்பு அப்படியே வேண்டும். மனிதக் கை பட்டு மாறினால் அது வேண்டாம்.

அந்த வருடம் அவர் நான்கு மாதம் லீவில் ஊருக்குப் போனார். சமையல்காரக் கிழவரும் பினாங்குக்குப் போய்விட்டார். கஸ்டம்ஸில் கேள்வி கேட்பார்கள் என்று நோட்டுகளைக் கொண்டுபோகவில்லை. அலமாரிச் சாவியை என் கையில் கொடுத்தார். அலமாரிக்குள் அடித்தட்டில் ஒரு சின்ன பல்பு இராப்பகலாக எரியும். அந்தச் சூட்டில் ஈரம் அண்டாது. சனிக்கிழமைதோறும் நான் கை கழுவி, ஆல்பத்தைத் திறந்து, அரை மணி நேரம் காற்றாட வைத்து மூட வேண்டும். விரலை மடக்கி மடக்கிச் சொன்னார்: வெயில் கூடாது. தண்ணி கூடாது. இஸ்திரிப் பெட்டி கூடாது. எண்ணெய்க் கை கூடாது. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

அவர் போன மூன்றாம் வாரம் பங்களாவுக்குக் கரண்டு நின்றது.

தோட்டத்துக்குச் சொந்த இஞ்சின்தான் கரண்டு கொடுத்தது. ஆலைக்கும் ஆபீசுக்கும் விளக்கு எரிந்தது, பங்களா மட்டும் இருட்டு. ஆபீசில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, டீசல் மிச்சம் பிடிக்கச் சொல்லிவிட்டாராம். இரண்டு நாள் பொறுத்தேன். அலமாரியைத் தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருந்தது. அடைமழைக் காலம் வேறு. மூன்றாம் நாள் ஆபீசுக்குப் போனேன். படியோரம் ஒரு மணி நேரம் நின்றபிறகு பெரிய கிராணி நிமிர்ந்தார்.

"என்னம்மா?"

"ஐயா... பங்களாவுல..."

"பங்களாவுல என்ன? பாம்பு பூந்துருச்சா?"

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

"வெளக்கு எரியலைங்க ஐயா. அலமாரிக்குள்ள..."

"தொர இல்லாத பங்களாவுல வெளக்கு யாருக்கு? ஒனக்கா? சோபாவுல சாஞ்சுக்கிட்டுப் பேப்பர் படிக்கப் போறியா?" மேசையில் பேனாவைத் தட்டினார். "டீசல் என்ன ஒங்கப்பன் வீட்டுதா? லயத்துல மண்ணெண்ண வெளக்கு இருக்குல்ல, அதக் கொண்டுபோயி வையி லா. போ, போ."

நான் திரும்பி வந்துவிட்டேன். இன்னொருத்தியாக இருந்தால் விவரம் சொல்லியிருப்பாள். மண்ணெண்ணெய் விளக்கைக் காகிதத்துக்குக் கீழே வைக்கவும் தைரியம் இல்லை.

நான்கு சனிக்கிழமை தப்பித்தது. ஐந்தாவது சனிக்கிழமை ஆல்பத்தைத் திறந்தபோது கண்ணாடித் தாளுக்குள் மாவு தூவியதுபோல் வெள்ளைப் பொட்டு. அடுத்த பக்கத்தில் பச்சையாக. ஒன்பது நோட்டில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அதில் இரண்டு, கைக்குட்டை அளவு பெரிய நோட்டுகள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் பயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். என் கணவருக்கு அதே தோட்டத்தில், ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் புகைக்கொட்டகையில் வேலை. குடியிருந்த லயம் கம்பெனி கட்டிய வரிசை வீடு. அவருக்கு அப்போது சிவப்பு அடையாள அட்டைதான், குடியுரிமை இல்லை. துரை கோபப்பட்டு வெளியே போ என்றால் வீடு போகும், வேலை போகும், வேறு தோட்டத்தில் சேரப் பர்மிட்டுக்கு அலைய வேண்டும். இரண்டு பெண் குழந்தைகள். பக்கத்துத் தோட்டத்தில் அப்படி வெளியேறிய ஒரு குடும்பம் ஆற்றோரம் தகரம் போட்டுக்கொண்டு இருந்ததை நாங்கள் போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். அவர் பதறவில்லை.

"பூஞ்சணந்தான? ஷீட்டுல பூஞ்சணம் புடிச்சா நாங்க என்னா செய்யறோம்? பிரசு போட்டுத் தொடச்சிட்டுத் திரும்பப் பொகையில மாட்டுறோம். அஞ்சு நாள்ல ஓடிரும். கப்பல் ஏறி சீமைக்கே போவுது, மறுக்கா புடிக்கறதில்ல."

"அது ரப்பருங்க. இது காயிதம்."

"ரப்பருக்கே ஒண்ணும் ஆவல, காயிதத்துக்கு என்னா ஆவப்போவுது? தொர என்னென்ன கூடாதுன்னாரு?"

சொன்னேன். வெயில், தண்ணி, இஸ்திரிப் பெட்டி, எண்ணெய்.

"பொக கூடாதுன்னாரா?"

சொல்லவில்லை. யோசித்து யோசித்துப் பார்த்தேன், புகை கூடாது என்று அவர் சொல்லவே இல்லை.

பழைய கொசுவலைத் துணியில் ஒன்பது அறை வைத்த பை ஒன்றைக் கையாலேயே தைத்தேன். மறுநாள் மத்தியானம் நோட்டுகளை அதில் ஒவ்வொன்றாக நுழைத்து, அடுக்குச் சட்டியின் மேல்தட்டில் வைத்து, கணவருக்குச் சோறு கொண்டுபோவதுபோலக் கொண்டுபோனேன். எதிரில் யாராவது "என்னா கொழம்பு?" என்று மூடியைத் திறந்தால் என் கதை முடிந்தது.

புகைக்கொட்டகைக்குள் போனால் கண் எரியும். மூங்கில் கழிகளில் வரிசை வரிசையாக ரப்பர் ஷீட் துணி காய்வதுபோலத் தொங்கும். கீழே அடுப்பில் ரப்பர்க் கட்டை புகையும். அவர் ஏணி வைத்து, உச்சிக் கழியில் பையைக் கட்டிவிட்டார்.

அந்த ஐந்து நாளும் எனக்குத் தீயைப் பற்றித்தான் நினைப்பு. புகைக்கொட்டகை தீப்பிடிப்பது எங்கள் பக்கம் சாதாரணம். ஷீட் ஒன்று அடுப்பில் விழுந்தால் போதும். பங்களா வராந்தாவைக் கூட்டிக்கொண்டே தூரத்துப் புகையைப் பார்ப்பேன். கொஞ்சம் கறுப்பாக வந்தால் துடைப்பம் கையில் நின்றுவிடும்.

மூன்றாம் நாள் சோற்றோடு போயிருந்தேன். பெரிய கிராணி உள்ளே நின்றார். கப்பலுக்குப் போகும் சரக்கைப் பார்க்க டார்ச்சோடு வந்திருந்தார். வெளிச்சம் கழி கழியாக ஏறி உச்சிக்குப் போனது. அங்கேயே நின்றது.

"என்னடா அது மேல, வெள்ளையா?"

நான் சோற்றுச் சட்டியை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டேன்.

"சாமித் துணிங்க ஐயா" என்றார் என் கணவர். "சின்னப் புள்ளைக்கு அம்ம போட்டிருந்துச்சு. நேந்துக்கிட்டது. தொடப்படாதுங்க."

பெரிய கிராணி இரண்டடி பின்னால் போனார். டார்ச்சை அணைத்தார். "சாமியக் கொண்டாந்து பொகையிலயா மாட்டுவானுங்க? ஒங்க வீட்டு சாமிக்கு இருமல் வராதா?" என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார். என்னைக் கடக்கும்போது சேலை பட்டுவிடுமோ என்று ஒதுங்கினார்.

அவர் தலை மறைந்ததும் என் கணவர் பல்லைக் காட்டிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மனை இழுத்துப் பொய் சொல்லிவிட்டோம். மறுநாள் சின்னவளுக்கு உடம்பு சுட்டது. சாதாரணக் காய்ச்சல்தான், இரண்டு நாளில் விட்டுவிட்டது. அந்த இரண்டு நாளும் அவள் முதுகையும் வயிற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன், முத்து தெரிகிறதா என்று.

ஐந்தாம் நாள் பையை இறக்கினோம். பூஞ்சணம் ஓடித்தான் போயிருந்தது. ஆனால் நோட்டின் ஓரமெல்லாம் தேத்தண்ணி நிறம் ஏறியிருந்தது. தொட்டால் லேசாகப் பிசுபிசுத்தது. கொடிபோலச் சுருண்டிருந்த கையெழுத்து இருந்த இடத்தில் பழுப்புதான் இருந்தது. முகத்துக்கு அருகில் கொண்டுபோனேன். என் கணவரின் சட்டை வாசனை.

ஆல்பத்தில் திரும்ப வைத்தேன். வாசனை போகும் என்று தினம் திறந்து விசிறினேன். போகவில்லை. நல்ல நோட்டுகளுக்கும் ஏறிவிடுமோ என்று ஒன்பதையும் கடைசிப் பக்கத்துக்கு மாற்றினேன். துரை வரும் நாள் நெருங்கியது. ஓடிவிடலாமா என்றுகூடக் கணவரிடம் கேட்டேன். "எங்க ஓட? தாய்லாந்துக்கா?" என்றார். அவரும் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

துரை வருவதற்கு முதல் நாள் பங்களாவுக்குக் கரண்டு வந்தது. அலமாரிக்குள் பல்பு ஒன்றும் நடக்காததுபோல எரிந்தது. கரண்டே இல்லை என்று சொன்னால் இனி யார் நம்புவார்கள்? அந்த பல்பைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது.

மறுநாள் மத்தியானம் வந்தார். குளிக்கவில்லை, சப்பாத்தைக் கழற்றவில்லை, நேரே அலமாரிக்குப் போனார். நான் பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பிறகு கூப்பிட்டார்.

மேசைமேல் ஒன்பதும் வரிசையாக இருந்தன.

"இது ஏன் ஷீட் வாசம்?"

ரப்பர்க்காரர் அல்லவா, மூக்குக்குள் போனதுமே தெரிந்துவிட்டது. நான் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் தடவை கேட்டார். மூன்றாம் தடவை கேட்கவில்லை. ஆள் அனுப்பி என் கணவரைக் கூப்பிட்டார். அவர் பின்படியில் நின்று தொப்பியை எடுத்தார்.

"நாந்தான் தொரே. பூஞ்சணம் புடிச்சிருந்துச்சு, பொகையில மாட்டுனேன். இதுக்கு ஒண்ணும் தெரியாது."

"எத்தனை நாள்?"

"அஞ்சு நாளு தொரே."

துரை பெரிய நோட்டு ஒன்றை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். ரப்பர் ஷீட்டில் குமிழ் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பார்களே, அப்படிப் பிடித்தார். "நம்பர் ஒன் ஷீட்" என்றார், முதல் தரச் சரக்கைச் சொல்வதுபோல. தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. திட்டியிருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அப்போது என் வாய் தானாகத் திறந்தது.

"நாந்தாங்க தொரே எடுத்துக் குடுத்தேன். கரண்டு இல்லைங்க. மூணு மாசத்துக்கு மேல கரண்டு இல்லைங்க."

அவரிடம் நான் பேசிய முதல் முழுப் பேச்சு அது. அவர் என்னைப் பார்த்தார், எரிகிற பல்பைப் பார்த்தார், நோட்டைக் கீழே வைத்தார். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார்.

"எங்க மாட்டினே? ஷீட் கூடவா?"

"ஆமாங்க தொரே. மேல் கழியில."

அங்கேதான் முகம் மாறியது. நோட்டுக்கு மாறாத முகம் அதற்கு மாறியது.

"பேப்பர் என்னோடது. ஷீட் கம்பெனியோடது. வெளிச் சாமான் ஸ்மோக் ஹவுஸ்ல வரக்கூடாது. நூல் ஒண்ணு ஒட்டினா மொத்த சரக்கும் திரும்பி வரும். நீ பழைய ஆள், ஒனக்குத் தெரியும்."

என் கணவருக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டார். கொசுவலைத் துணி, அதில் நூல். நோட்டைப் பற்றியே நடுங்கிக்கொண்டிருந்த நாங்கள் அந்தப் பக்கமே யோசிக்கவில்லை.

"நாளைக்குப் பெரட்டுல சொல்றேன். போ."

பெரட்டு என்பது விடியுமுன் ஆபீஸ் திடலில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. பெயர் கூப்பிட்டால் தோட்டத்தில் இருக்கிறோம். கூப்பிடாவிட்டால் இல்லை.

மறுநாள் என் கணவர் பின்னாலேயே நானும் போனேன். வேலிச் செம்பருத்திக்குப் பின்னால் நின்றேன். கைவிளக்கு வெளிச்சத்தில் பெரிய கிராணி புத்தகத்தைப் புரட்டினார். துரை பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதலில் ஆலை ஆட்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் "இருக்கேன்" என்றார். என் கணவரின் பெயர் வர வேண்டிய இடத்தில் வேறொருவர் பெயர் வந்தது. செம்பருத்திக் கிளையை விலக்கிப் பார்த்தேன். பிறகு பால்மரம் வெட்டுகிறவர்கள், நீளமான பட்டியல். அதிலும் இல்லை. சாக்கடை வெட்டுகிறவர்கள். அதிலும் இல்லை. திடலில் என் கணவர் மட்டும் தனியாக நின்றார். ஆற்றோரத்துத் தகரக் குடிசை என் கண்ணில் வந்தது. எங்கள் தகரத்தை எந்தப் பக்கம் அடிப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

கடைசியாக வெளிக்காடு. லாலான் புல் வெட்டுகிற வேலை. எல்லாம் பெண்பிள்ளைகள், வயதானவர்கள். பெரிய கிராணி நிதானமாக ஒவ்வொரு பெயராகப் படித்தார். முடித்து, புத்தகத்தை மூடப்போவதுபோல மூடி, மறுபடி திறந்து, என் கணவரின் பெயரைச் சொன்னார்.

"இருக்கேன்" என்றார் அவர். சத்தம் பிசிறியது.

புல் வெட்டும் கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது.

"வாங்கண்ணே வாங்க. பொகையில வெந்தது போதும்னு வெயிலுக்கு வந்துட்டீங்களா?"

"ஆமாக்கா. ஒரு பக்கந்தான் வெந்துச்சு. இன்னொரு பக்கம் காயணும்லா."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் நீளக் கத்தியை வாங்கிக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தார். நான் வேலிக்குப் பின்னால் இருப்பது அவருக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை. புகைக்கொட்டகையில் அவர் பதினோரு வருடம் இருந்தவர். அடுப்பைப் பார்க்காமலே புகையின் நிறத்தை வைத்துக் கட்டை போடச் சொல்வார். பெயர் கூப்பிட்டுவிட்டார்களே, வீடு இருக்கிறதே என்று அப்போது எனக்கு மூச்சு வந்தது. அவர் முதுகைப் பார்த்ததும் அந்த மூச்சுக்காகவே வெட்கமாக இருந்தது.

விடிந்துகொண்டிருந்தது. சமையல்காரச் சீனர் பினாங்கிலிருந்து இன்னும் திரும்பவில்லை. துரைக்குக் காப்பி வைக்க ஆள் இல்லை. என்னை வரச் சொல்லவும் இல்லை, வராதே என்று சொல்லவும் இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பங்களா மேட்டில் ஏறினேன். பின்கதவு திறந்திருந்தது. உள்ளே போய் அடுப்பில் தண்ணீரை வைத்தேன். சப்பாத்துச் சத்தம் வராந்தாவில் வரும்வரை அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.